விதையில்லாக் கொடிகள்: குற்றாலத்து மிளகும் தென்காசி வெற்றிலையும்

குற்றாலத்தில் ஒரு அருவிக்குப் பழத்தோட்ட அருவி என்று பெயர். தோட்டக்கலைத் துறையின் தோட்டத்துக்குள்ளே விழுவதால் அந்தப் பெயர். அந்தத் தோட்டத்தின் கதையைத் தேடிப் போனால் கிழக்கிந்தியக் கம்பெனி வரைக்கும் போக வேண்டியிருக்கும். சுமார் 1800இல் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் ஒரு வாசனைப் பொருள் தோட்டம் போட்டார்கள். இந்தியாவுக்குக் கிராம்பு மரம் வந்து சேர்ந்தது அந்தத் தோட்டத்துக்குத்தான் என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் எல்லாம் எழுதுகின்றன. கூடவே ஜாதிக்காயும் வந்தது. இன்றைக்கும் சீசனுக்குக் குற்றாலம் போனால் ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து விற்கிறார்களே, அதெல்லாம் இப்படிக் கடல் தாண்டி வந்த மரங்களின் பழங்கள்தான்.

இந்த மரங்களின் கதையை எழுதுவது சுலபம். கப்பல் இருக்கு, அதிகாரி இருக்கார், கடிதம் இருக்கு. நான் எழுத நினைத்தது வேறு. அதே தோட்டங்களில் அந்த மரங்கள் மேலேயே ஏறிக்கொண்டிருக்கிற கொடிகளைப் பற்றி. மிளகுக்கொடி, வெற்றிலைக்கொடி, பிச்சி, வள்ளி. இவற்றை யாரும் கப்பலில் ஏற்றி வந்ததாகக் கணக்கில்லை. இவற்றுக்காகத் தனியாக யாரும் அதிகாரி போடவில்லை. ஆனாலும் இவை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. எப்படி? அதைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டுத் தோட்டத்தில் எந்தக் கொடியை, எங்கே, எதன் மேல் ஏற்றுவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

மரத்தின் வரலாறு ஊர் அறிந்தது

முதலில் அந்த மரங்களை முடித்துவிடுவோம். கிராம்பும் ஜாதிக்காயும் மொலுக்காஸ் தீவுகளின் சொத்து. டச்சுக்காரர்கள் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1770இல் அந்தப் பூட்டை உடைத்து நாற்றுகளை மொரீஷியஸுக்குக் கொண்டு சேர்த்தார். அவர் பெயர் பியர் புவாவ்ர். பிரெஞ்சில் புவாவ்ர் என்றால் மிளகு! பிறகு 1796இல் ஆங்கிலேயர்கள் அம்போனாவையும் பாண்டாவையும் பிடித்தார்கள். 1802 அமியான் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் தீவு இருந்த அந்தச் சில வருஷத்துக்குள்ளே எவ்வளவு நாற்று எடுக்க முடியுமோ எடுத்து, தங்கள் வசம் இருந்த ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். குற்றாலத் தோட்டம் இந்த அவசரத்தின் காலத்தில் பிறந்தது.

ஏன் குற்றாலம்? கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஈரக்காற்று வேண்டும். மதராஸ் மாகாணத்தின் கிழக்குச் சமவெளியில் அது கிடைக்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிற இந்த மூலையில் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே மழை, கீழே சாரல். தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் வாசலில் கோபுரத்துக்கு அடியில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று ஆளைத் தள்ளுவது தெரியும். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கோயில் கட்டியபோதும் அந்தக் காற்று அப்படித்தான் அடித்திருக்கும்.

இந்தச் சாரல்தான் இந்தக் கட்டுரைக்கும் எல்லைக்கோடு. குற்றாலத்தில் நனைகிறோம். தென்காசியில் தூறல். கிழக்கே பாவூர்ச்சத்திரம் தாண்டி ஆலங்குளம் போகப் போக வெறும் காற்று மட்டும். மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வித்தியாசம். சாரல் நிற்கிற இடத்தோடு மிளகுக்கொடி நின்றுவிடும். அதற்குக் கிழக்கே குளத்துப் பாசனமும் கிணறும் இருக்கிற இடத்தில் வெற்றிலைக்கொடி ஆரம்பிக்கும்.

மிளகும் வெற்றிலையும் ஒரே பேரினம், பைப்பர். அக்கா தங்கை மாதிரி. திப்பிலியும் அந்தக் குடும்பம்தான். மூன்றின் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாயல் தெரியும். ஒருத்தி மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டாள், ஒருத்தி வயல்காட்டில்.

மிளகுக்குக் கணக்கு உண்டு, கொடிக்கு இல்லை

மிளகின் பழைய பெயர் கறி. எகிப்தில் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில் தோண்டியபோது இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. சுமார் 2000 வருஷத்துப் பழசு. மிளகு எங்கே போனது என்பதற்கு இப்படிச் சான்று நிறைய.

மிளகுக்கொடி எப்படி நின்றது என்பதற்கு நம்மிடம் அகநானூறு இருக்கிறது. அதன் 2ஆம் பாடலில் கபிலர் ஒரு மலைச்சாரலைக் காட்டுகிறார். அங்கே மிளகுக்கொடி சந்தன மரத்தில் ஏறியிருக்கிறது. பக்கத்தில் வாழையும் பலாவும். கவிஞருக்கு அது வெறும் பின்னணிதான். தோட்டக்காரர் கண்ணால் படித்தால் ஒரு செய்தி கிடைக்கிறது: உயிருள்ள மரத்தின் மேல் மிளகை ஏற்றும் முறை நம் ஊர் மலைகளில் அவ்வளவு பழையது.

17ஆம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், மலையாளக் கரையின் தாவரங்களை 12 தொகுதிகளாக வெளியிட்டார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை வந்தது. அதன் 7ஆம் தொகுதியில் கொடிகள் வருகின்றன. மிளகுக்கு ‘மொளகோ கொடி’ என்றும் வெற்றிலைக்கு ‘பீட்லா கொடி’ என்றும் பெயர் போட்டிருக்கிறார்கள். லத்தீன் புத்தகத்தில் நம்முடைய ‘கொடி’ என்ற சொல்! பிறகு 1830களின் நடுவில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் வந்து செடிகள் சேகரித்தார். அவருடைய ‘ஐகோனஸ்’ நூலில் 2101 படங்கள் உண்டு. வைட்டுக்கு வரைந்தவர்கள் ருங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார் வைட்.

ஆக, தாவரவியல் நூல்களில் கொடிகள் உண்டு. ஆனால் ‘இது இன்ன ஊர்க் கொடி, இன்னார் தோப்பிலிருந்து வந்தது’ என்ற தகவல் அங்கே வராது. அரசாங்கக் கணக்கும் அப்படித்தான். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகம் ஆக்கினார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். தென்காசி கம்பெனிக்கும் பிறகு பிரிட்டிஷ் மதராஸுக்கும் போனது. நடுவில் எட்டு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் இரண்டு ராஜ்யம். கணவாயின் மேற்குப் பக்கம் விளைந்த மிளகு யாருக்கு, எந்த விலைக்குப் போகவேண்டும் என்பதைத் திருவனந்தபுரம் முடிவு செய்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1860இல், அந்த ஏகபோகம் நீங்கி ஏற்றுமதி வரி வந்தது. 1865 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சிக்கும் நடுவே இருந்த சுங்கமும் பெரும்பாலும் போனது. 1904இல் கொல்லம் - செங்கோட்டை ரயில் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

இத்தனை வரலாற்றிலும் எழுதப்பட்டது மிளகின் எடையும் விலையும் வரியும். கொடி எப்போதும்போல எல்லையைத் தாண்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். எப்படி? யாரோ ஒருவர் மாமனார் வீட்டுக்குப் போனபோது ஈரச்சாக்கில் நாலு துண்டு சுற்றி எடுத்து வந்திருப்பார். அதற்கு எந்தச் சவுக்கையிலும் ரசீது போடமாட்டார்கள்.

மரத்தைப் பார், பிறகு கொடியைப் பேசு

செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம், வீட்டில் மிளகு வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். கொடியைப் பற்றி அவர் பேசவே இல்லை. “வீட்டுல என்ன மரம் நிக்கி தம்பி? மரத்தச் சொல்லும் மொதல்ல. பொறவு கொடியப் பத்திப் பேசுவோம்” என்றார்.

அதுதான் விஷயம். மிளகுக்கொடியின் கணுக்களில் சின்னச் சின்ன வேர் வரும். அது மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது, பிடிமானம் மட்டும். எனவே பட்டை சொரசொரப்பாக இருக்கவேண்டும், அடிக்கடி உரியக்கூடாது. பலா இதற்கு மிகவும் தோதான மரம். குற்றாலநாதர் கோயிலின் தலமரமே குறும்பலா என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்த மண்ணுக்குப் பலா அவ்வளவு சொந்தம். மாமரம், தென்னை, கமுகு எல்லாவற்றிலும் ஏற்றுகிறார்கள். எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக்.

கல்யாண முருங்கையும் ஒரு காலத்தில் பெரிய துணை. முள்முருங்கை என்றும் சொல்வோம். கிளையை வெட்டி நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும், இலை உரமாகும், மழைக்காலத்துக்கு முன் கிளை கழித்துவிட்டால் வெளிச்சம் இறங்கும். 2005ஐ ஒட்டி ஒரு சின்னக் குளவி கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. கல்யாண முருங்கை இலையிலும் தளிரிலும் முட்டை வைத்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். அந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் வைத்ததே 2004இல்தான். மரங்கள் இலை உதிர்த்துப் பட்டுப்போயின. மிளகுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் ஏறி நின்ற தூண் சாய்ந்துவிட்டது. கொடியின் கதி எப்போதும் இன்னொன்றின் கையில் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மிளகுக்கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடுகிற தண்டு இருக்கும். அதை ஓடுகொடி என்பார்கள். அதில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்து, மழை தொடங்கும்போது மரத்தின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் ஒரு அடி தள்ளி நடவேண்டும். தென்மேற்குப் பக்கம் வேண்டாம், மதிய வெயில் கருக்கிவிடும். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் வந்து, பச்சையாக நின்ற கொடி சில வாரத்தில் இலை உதிர்த்துச் சாயும். காய்க்கிற பக்கக் கிளையிலிருந்து துண்டு எடுத்து நட்டால் அது ஏறாது, செடியாகவே நிற்கும். அதைத்தான் புதர் மிளகு என்று தொட்டியில் வைத்து விற்கிறார்கள். மரமில்லாத வீட்டுக்கு, மொட்டைமாடி நிழலுக்கு, அது போதும்.

கொடிக்கால்

வெற்றிலைத் தோட்டத்துக்குத் தமிழில் கொடிக்கால் என்று பெயர். பந்தலுக்குப் பந்தக்கால் மாதிரி கொடிக்கு ஒரு கால். பெயரே துணைமரத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறது.

அந்தக் கால் அகத்தி. மேட்டுப்பாத்தி போட்டு, நடுவில் வாய்க்கால் வெட்டி, முதலில் அகத்தி விதைப்பார்கள். அது ஒன்றரை மாதம் வளர்ந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். நாலைந்து கணு உள்ள துண்டு. அகத்தி நிழலும் தரும், தூணாகவும் நிற்கும், இலையை மாட்டுக்கும் கீரைக்கும் விற்கலாம். கொடி ஏற ஏற வாழைநாராலோ கோரையாலோ கட்டிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கொடியை இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி ஏற்றிவிடுவார்கள். பழைய தண்டு மண்ணுக்குள் வேர்விடும், நுனி புதுசாகக் கிளம்பும். கிழவி பாதாளத்துக்குப் போய்க் குமரியாகத் திரும்பி வருகிற மாதிரி!

அகத்திக்கு ஆயுசு கம்மி. சில வருஷத்தில் அது கிழடு தட்டும், மண்ணும் களைக்கும். அப்போது வேறு இடத்தில் புதுக் கொடிக்கால் போடவேண்டும். துண்டு எங்கிருந்து வரும்? பழைய கொடிக்காலிலிருந்துதான். விதை கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். வெற்றிலையில் ஆண்கொடி, பெண்கொடி தனித்தனி. நம் தோட்டங்களில் விதை கட்டுவது மிக அரிது. பூத்துக் காய்க்காத வெறும் இலை, வெற்று இலை, வெற்றிலை என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். மலையாளத்தில் வெற்றில. அதைப் போர்த்துக்கீசியர் கேட்டுக்கொண்டு போய்த்தான் ஆங்கிலத்தில் ‘பீட்டல்’ ஆனது. வெற்றிலையின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா என்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்குச் சோறு போட்டபின் வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். ஆக அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது.

அப்படியானால் இன்றைக்குத் தென்காசிச் சந்தையில் நீங்கள் வாங்குகிற வெற்றிலை யார்? என்றைக்கோ நட்ட கொடியின் துண்டின் துண்டின் துண்டு. இடையில் எங்கேயும் அறுபடவில்லை. பஞ்சம், பாளையக்காரர் சண்டை, கம்பெனி வரி, தாது வருஷம் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தண்ணீர் சுமந்து அதைக் காப்பாற்றியிருக்கிறார். ஒரு வருஷம் விட்டிருந்தால்கூடச் சங்கிலி அறுந்திருக்கும். நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். வெற்றிலையைப் போட்டு வைக்க முடியாது.

இந்தப் பக்கத்து வள்ளிக்கும் அதே கதை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு ஊர் மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். அந்தக் குறவஞ்சி மரபின் குறத்திகள் எல்லாம் உறவு கொண்டாடுவது முருகனின் வள்ளியோடு. அந்த வள்ளிக்குப் பெயர் வந்தது வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்ததால் என்பது கதை. வள்ளி ஒரு சுற்றுக்கொடி. அதையும் விதையால் வளர்ப்பதில்லை. கிழங்கை வெட்டி மறுபடி மண்ணில் வைக்கவேண்டும். தெய்வத்துக்கே பெயர் கொடுத்த கொடி, கைமாறிக் கைமாறித்தான் வந்திருக்கிறது.

அறுந்தால் என்ன ஆகும்?

மிளகுக்கு விதை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் விதையில் முளைத்தது தாயைப் போல இருக்காது, காய்க்கவும் வருஷமாகும். அதனால் மிளகும் துண்டுதான். கண்ணூர் மாவட்டம் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் 1971இல் பன்னியூர் 1 என்ற ரகத்தை வெளியிட்டது. உலகின் முதல் ஒட்டு மிளகு ரகம். சரம் நீளம், மணி பெரிசு, வெளிச்சத்தில் நன்றாகக் காய்க்கும். அதைக் குறை சொல்ல முடியாது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அடர்ந்த நிழலில் அது சரியாகக் காய்க்காது. பலாமரத்து நிழலுக்குப் பழகிய பழைய கொடிகள் ஒவ்வொரு தோப்பிலும் இருந்தன. புதுசு வரும்போது பழசை வெட்டிப்போட்டால் அவ்வளவுதான். அதற்கு விதைப்பெட்டி கிடையாது, படம் கிடையாது, பல கொடிகளுக்குப் பெயர்கூடக் கிடையாது; ‘எங்க தோப்புக் கொடி’ என்பார்கள்.

கொடிக்காலும் அப்படித்தான். தினமும் ஈரம் வேண்டும், தினமும் ஆள் வேண்டும். கிணறு இறங்கினாலோ, மகன் வெளியூர் போனாலோ, நிலம் பிளாட் ஆனாலோ கொடிக்கால் நின்றுவிடும். கிராம்பு மரம் கவனிப்பார் இல்லாமல் கொஞ்ச காலம் நிற்கும். கம்பெனி போன பிறகும் அது நின்றது. கொடி நிற்காது. ஆகவே வீட்டுத் தோட்டத்தில் ஒரு வெற்றிலைக்கொடி வைத்திருப்பவரை நான் பொழுதுபோக்குத் தோட்டக்காரராகப் பார்ப்பதில்லை. அவர் கையில் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி இருக்கிறது.

எந்தக் கொடிக்கு எந்தக் கொழுகொம்பு

சரி, நம் வீட்டுக்கு வருவோம். கொடிகள் எப்படி ஏறுகின்றன என்று உட்கார்ந்து கவனித்து எழுதியவர் சார்லஸ் டார்வின். 1865இல் கட்டுரையாக வந்தது, 1875இல் புத்தகமானது. உடம்பு சரியில்லாத நாட்களில் அறைக்குள் கொடிகளை வைத்துக்கொண்டு நுனி எப்படிச் சுற்றுகிறது என்று மணிக்கணக்கில் குறித்திருக்கிறார். அவர் பிரித்த வகைகளை நம் ஊர்க் கொடிகளோடு பொருத்திப் பார்த்தால் தேர்வு சுலபமாகிவிடும்.

தண்டே சுற்றி ஏறுபவை: சங்குப்பூ, அவரை, வள்ளி, சீந்தில். இவற்றுக்கு நேராக நிற்கும் கம்போ கயிறோ போதும். சீந்தில் மட்டும் கவனம்; வெட்டிப் போட்டாலும் பிழைக்கும், பக்கத்து மரத்தை மூடிவிடும்.

சுருள்கம்பி போல பற்றுக்கம்பி விடுபவை: பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கோவை, பிரண்டை, முடக்கத்தான். இவற்றுக்கு மெல்லிய பிடி வேண்டும். தடித்த தூணை இவற்றால் பிடிக்க முடியாது. கயிறு, வலை, மூங்கில் சிம்பு நல்லது.

இலைநுனியால் பற்றுபவை: செங்காந்தள். டார்வின் தன் கண்ணாடி அறையில் இதன் உறவுச்செடி ஒன்றைக் கவனித்திருக்கிறார். நம் மாநில மலர், நம் வேலியோரத்தில் தானாகவே வரும். கிழங்கு கொடிய விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வேரால் பற்றுபவை: மிளகு, வெற்றிலை. சொரசொரப்பான மரமோ, பூச்சில்லாத செங்கலோ வேண்டும். பெயிண்ட் அடித்த சுவரில் நிற்காது.

முள்ளாலோ கொக்கியாலோ தொற்றுபவையும், வெறுமனே சாய்ந்து ஏறுபவையும்: மனோரஞ்சிதம், தூதுவளை, காகிதப்பூ, முல்லை, பிச்சி. பிச்சி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஜாதிமல்லி. சங்கரன்கோவில் பூச்சந்தையில் பிச்சி என்று கேட்டால்தான் அழகு. இவற்றுக்கு வலுவான சட்டமும், நாம் கட்டிவிடும் கையும் வேண்டும். முல்லை தானாகப் பற்றிக்கொள்ளத் தெரியாமல் காற்றில் தவிப்பதைப் பார்த்துத் தேரைக் கொடுத்தான் பாரி என்கிறோம். வள்ளலின் பெருமை ஒருபக்கம் இருக்கட்டும், முல்லைக்கு ஒரு சட்டம் தேவை என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

காற்றடிக்கிற திசை

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. பொதுவான தோட்டப் புத்தகங்கள் மேற்குச் சுவரில் வெயில் அதிகம், கொடி ஏற்றி நிழல் பண்ணுங்கள் என்று சொல்லும். நமக்கு ஆனி, ஆடி முழுக்கக் காற்றும் மேற்கிலிருந்துதான். வெயிலும் காற்றும் ஒரே பக்கம். அங்கே வெற்றிலையை வைத்தால் இலை கிழிந்து காயும். மேற்கே காகிதப்பூ, கோவை, பிரண்டை போன்ற முரட்டுக் கொடிகளை விடுங்கள். அவை தடுத்துத் தருகிற மறைவில், வீட்டுக்குக் கிழக்கே அல்லது வடக்கே, அகத்தியோ முருங்கையோ நட்டு வெற்றிலையை ஏற்றலாம். தண்ணீர் புழங்குகிற இடமாகப் பார்த்து வைத்தால் உத்தமம். மிளகு, குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சிப் பக்கம் மரத்தடியில் நன்றாக வரும். ஆலங்குளம் பக்கம் என்றால் அதைவிடப் பிச்சி நல்லது.

காய்கறிக் கொடிக்கு ஆடிப்பட்டம்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமே, கொடி நிற்குமா என்று கேட்பார்கள். விதை முளைத்துத் தரையோடு கிடக்கிற காலம் ஆடி. அது பந்தலுக்கு ஏறும்போது ஆவணி முடிந்து காற்று தணியத் தொடங்கும். ஐப்பசி மழைக்குள் முதல் காய்ப்பு. பந்தலை மட்டும் காற்று தொடங்குமுன் வைகாசியிலேயே உறுதியாகப் போட்டுவிட வேண்டும். இரும்புக் கம்பியைவிடத் தேங்காய்நார்க் கயிறு மேல். சித்திரை வெயிலில் கம்பி சுட்டால் இளங்கொடி கருகும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூ விரிப்பவை. காய் பிடிக்கவில்லை என்றால், பொழுது சாய்ந்தபின் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வெற்றிலையோ மிளகோ பிச்சியோ வைக்க நினைத்தால், நர்சரிக்குப் போவதற்கு முன் ஊரில் ஒருமுறை விசாரியுங்கள். பெரியம்மை வீட்டுக் கிணற்றடியில், வயசான ஒருத்தர் தோப்பில், கோயில் நந்தவனத்தில் ஏதாவது ஒரு பழைய கொடி இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கொடி கேட்டு இல்லையென்று சொன்னவரை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. நாலு கணுவுள்ள துண்டு, ஈரச்சாக்கு, சாரல் தொடங்குகிற வாரம், அவ்வளவுதான் தேவை. யார் வீட்டுக் கொடி, எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேர் பிடித்து ஒரு வருஷம் ஆனதும் நீங்களும் இரண்டு பேருக்கு ஒடித்துக் கொடுங்கள். ஒரே இடத்தில் இருக்கிற கொடிக்குத்தான் ஆபத்து. மூன்று வீட்டில் இருந்தால் ஒரு கோடையையாவது தாண்டிவிடும்.